பொத்தான் டப்பாவில் பதினாறு

மருந்துக்கடைக்கு வந்து, “அந்த வெள்ளை மாத்திரை நாலு குடுங்க” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். ஆனால் முணுமுணுத்துக்கொண்டே அட்டையிலிருந்து நாலை வெட்டிக் கொடுப்பவனும் நான்தான். வெட்டும்போது மருந்தின் பெயர் பெரும்பாலும் என் பக்கமே தங்கிவிடும். அதைப் பற்றி அன்றுவரை நான் யோசித்ததில்லை.

அன்று மதியம் அடுத்த தெருத் தையல்காரரின் மனைவி வந்தார்.

“தம்பி, அவருக்கு நேத்துலேர்ந்து ஜுரம், சளி, உடம்பு வலி. இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது குடு.”

“இப்ப என்ன குடுக்கிறீங்க, அக்கா?”

பர்ஸிலிருந்து மூன்று துண்டு அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். எதிலும் பெயர் இல்லை.

“இது ஜுரத்துக்கு ரெண்டு, இது சளிக்கு ஒண்ணு, இது வலிக்கு ஒண்ணு. நேத்து நாலு வேளை, இன்னைக்குக் காலையில ஒரு வேளை. ஒரு வேளைகூடத் தப்பல.” அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். தினமும் தொட்டுப் புழங்குகிறவனுக்கு நிறத்தையும் அளவையும் பார்த்தாலே போதும். மூன்றிலும் இருந்தது ஒரே பாராசிட்டமால். ஒரு நாளைக்குத் தாங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கல்லீரல் கெட்டால்கூட முதல் இரண்டு நாள் வெளியே தெரியாது. அந்த மூன்று துண்டுகளில் இரண்டு நான் வெட்டிக் கொடுத்தவை.

விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். கடையைப் பாதி சாத்திவிட்டு அவரோடு ஓடினேன்.

தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இருபது மாத்திரை உள்ள போயிருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு திருட்டு முழியோடு பொத்தான் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே மாத்திரைகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினேன். பதினாறு.

“முதல் வேளை இவ பக்கத்துலயே நின்னா. முழுங்கிட்டேன். அப்புறம் கண்ணு சொக்கி ஒரு காலரைத் தலைகீழா வச்சுத் தச்சுட்டேன். அதுக்கப்புறம் தண்ணியை மட்டும் குடிச்சேன்.”

நான் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தேன். நேற்றுக் காலையில் ஒரே ஒரு வேளை. அதுவும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் தானாகவே இறங்கியிருந்தது. மனசு லேசாகிவிட்டது. எதற்கும் சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிடச் சொன்னேன்.

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். “முப்பது வருஷமா இந்த மனுஷன் எங்கிட்ட ஒண்ணையும் மறைச்சதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நல்லவேளை, மறைச்சீங்க.”

பதினாறையும் குழந்தைகள் கையில் சிக்காமல் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். வாசலில் ஒருவர் காத்திருந்தார்.

“அந்த வெள்ளை மாத்திரை நாலு குடுங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. யாருக்கு, கூட வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பிறகு பெயர் அவர் பக்கம் போகும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்து வெட்டினேன்.