படிவத்தின் ஒன்பதாம் கேள்வி

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகையொன்றின் இரண்டாம் மாடியில், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரரான தொத்தோரே மங்கூசோவின் சாப்பாட்டு மேசைமீது நான்கு பக்கப் படிவமொன்று விரிக்கப்பட்டிருந்தது. அதை அனுப்பியது, அவர் ஞாயிறுதோறும் சுடப்போகும் சங்கம். இயந்திரம் வானில் எறியும் மண்தட்டைத் துப்பாக்கியால் உடைப்பதே அங்குள்ள பொழுதுபோக்கு. மைதானத்தைச் சுற்றி வீடு கட்டியவர்கள் வெடிச்சத்தம் தாங்காமல் மனுப்போட்டிருந்தார்கள். அதற்கான பதில்மனுவில், இந்தப் பொழுதுபோக்கால் எத்தனை பேருக்குப் பிழைப்பு நடக்கிறது என்று காட்டவேண்டியிருந்தது. ஆகவே சென்ற ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து இந்த மார்ச் 31ஆம் திகதி வரையான பன்னிரண்டு மாதங்களில் தாம் செலவிட்ட தொகையை, ஒன்பது கேள்விகளுக்கு விடையாக, ஒவ்வோர் உறுப்பினரும் எழுதிக் கையொப்பமிட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒப்படைக்க வேண்டும்.

மேசையருகில் குகனேஸ்வரி ஒரு பிஸ்கற் தகரத்துடன் நின்றாள். முப்பத்தாறு வயது. இந்த வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தது சென்ற ஆண்டு ஜனவரியில். வாரத்தில் ஆறு நாள் சமையலும் துப்புரவும். அவற்றுக்கு மாதம் ஐந்து இலட்சம் லீரா. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து தோட்டாப் பையைச் சுமந்து, வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, வீடு திரும்பித் துப்பாக்கிக் குழலை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதற்குத் தனியாக, ஞாயிறொன்றுக்கு முப்பதாயிரம். முதல் ஞாயிறன்று அவர் சுட்டபோது அவள் திடுக்கிடவில்லை. "பார்த்தீர்களா, கண்கூடச் சிமிட்டவில்லை!" என்று தொத்தோரே மற்றவர்களிடம் பெருமைப்பட்டார். திடுக்கிடுவதற்கு அவளிடம் எதுவும் மீதியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கான தேவையும் ஏற்படவில்லை.

"எங்கே, தோட்டாவிலிருந்து தொடங்கு" என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி.

குகனேஸ்வரி தகரத்தைத் திறந்தாள். பற்றுச்சீட்டுகள் மாதவாரியாக நூலால் கட்டப்பட்டிருந்தன. அவர் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தவை அவை. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளங்கையால் நீவி, தகரத்தில் போட்டுவைத்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. முத்திரை குத்திய தாளை எறியக்கூடாதென்பதை அவள் வந்த இடத்தில் சிறுபிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். எந்தத் துண்டைக் காட்டச்சொல்லி எந்தச் சந்தியில் மறிப்பார்கள் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"நீ பத்திரம் பதியும் ஒரு நோத்தாயோவின் கந்தோரில் இருந்திருக்க வேண்டியவள், குகா" என்று சிரித்தார் தொத்தோரே. அவளுடைய பெயரின் பின்பாதி அவருடைய வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை.

அவள் வாசித்தாள், அவர் எழுதினார். தோட்டா இருநூறு பெட்டி, பதினாறு இலட்சம். மண்தட்டு, பன்னிரண்டு இலட்சத்து எண்பதாயிரம். சந்தாவும் காப்புறுதியும் சேர்த்து நான்கு இலட்சத்து எழுபதாயிரம். அனுமதிப்பத்திர வரி இரண்டரை இலட்சம். துப்பாக்கிக் கட்டையை அவருடைய தோளின் அளவுக்குச் சீவிக்கொடுத்தவனுக்கு ஆறு இலட்சத்து எண்பதாயிரம். மஞ்சள் கண்ணாடி இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். போட்டிக்காக நாப்போலிக்குப் போன கப்பலும் விடுதியும் பதினான்கு இலட்சத்து முப்பதாயிரம். பெற்றோல் நான்கு இலட்சத்து எண்பதாயிரம்.

"அறுபத்துநாலு இலட்சம்" என்றாள் குகனேஸ்வரி, அவர் கூட்டி முடிக்கும் முன்னரே.

தொத்தோரேயின் முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதானா? அந்த அவ்வொக்காத்தோ எண்பது இலட்சம் எழுதியிருக்கிறானாம். போன ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் சொன்னான். நீயும் கேட்டாயே?"

அவளும் கேட்டிருந்தாள். பக்கத்து மேடையில் சுடும் அந்த வழக்கறிஞர், "சிலருக்கு இது விளையாட்டு, சிலருக்கு மருந்துக்கடைச் சில்லறை" என்று சொன்னபோது தொத்தோரே தொடர்ந்து நான்கு தட்டுகளைத் தவறவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. ஒன்பதாவது: கூலிக்கு அமர்த்திய உதவியாள் எவரேனும் உண்டா, எப்போதிலிருந்து, என்ன ஊதியம்? தொத்தோரே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, அழகான கையெழுத்தில், அவசரமில்லாமல் எழுதினார்: "உண்டு. இலங்கைப் பெண், குகா. 1995 ஜனவரியிலிருந்து என் வீட்டில் வேலை. நாற்பது ஞாயிறுகள், பன்னிரண்டு இலட்சம் லீரா."

"எழுபத்தாறு" என்றார். "ஓரளவு மானம் தப்பும்."

அவருடைய கையொப்பம் காயும்வரை குகனேஸ்வரி அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அவள் அவரிடம் கேட்டு, கிடைக்காமற்போன வாசகம் அதுதான். சென்ற நவம்பரில் வந்த அரசாணையின்படி, பத்திரமில்லாமல் வேலைசெய்வோர் இந்த மார்ச் 31ஆம் திகதிக்குள் பெர்மெசோ எனும் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலாளி இரண்டு காரியம் செய்யவேண்டும்: இவள் என்னிடம் வேலைசெய்கிறாள் என்று எழுதிக் கையொப்பமிடவேண்டும், ஆறு மாதத் தொழிலாளர் காப்புறுதிக் கட்டணமான பதினொரு இலட்சத்து எண்பதாயிரம் லீராவை முன்கூட்டியே கட்டவேண்டும். தொத்தோரேயின் பதில் இரண்டு முறையும் ஒன்றே: "ஓய்வூதியக்காரனிடம் அவ்வளவு ஏது? பாஸ்குவா போகட்டும், பார்ப்போம்." அந்த ஆண்டு பாஸ்குவா, அதாவது உயிர்த்த ஞாயிறுப் பெருநாள், ஏப்ரல் 7ஆம் திகதி வந்தது.

அவளுடைய மகள் நிரோசினிக்குப் பதினொரு வயது. ஒக்ரோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் போருக்கு அஞ்சி ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அந்தப் பிள்ளையும் அத்தையின் கையைப் பிடித்து நடந்து, இப்போது கொழும்பில் ஒரு விடுதி அறையில் இருந்தது. அங்கே இருவாரத்துக்கு ஒரு தடவை பொலிசார் சோதனைக்கு வருகிறார்கள். தாயிடம் பெர்மெசோ இருந்தால் பிள்ளையை அழைக்கலாம். இல்லையேல் அழைக்க முடியாது. இதைப்பற்றிக் குகனேஸ்வரி அழுவதில்லை. பேருந்து நேர அட்டவணையை நினைத்துக்கொள்வதைப் போல நினைத்துக்கொள்வாள்.

"இதைப் பிரதியெடுத்து வா. எனக்கொன்று போதும்" என்று தொத்தோரே காசை நீட்டினார்.

மூலையிலிருந்த கடையில் அவள் இரண்டு பிரதி எடுத்தாள். இரண்டாவதற்குத் தன் பணப்பையிலிருந்து நூறு லீரா கொடுத்தாள்.

அன்று பின்னேரமே சீசாப் பகுதியிலுள்ள இராசரத்தினத்தின் அறைக்குப் போனாள். ஊரில் தபாற்கந்தோர் எழுதுவினைஞராயிருந்தவர் அவர். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவார்; குளிர்காலத்தில் தமிழ்ச்சனத்தின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார்.

"என்ன தங்கச்சி இது? மாப்பிள்ளையின்ரை சாதகம் மாதிரி நாலு பக்கத்திலை நீட்டுறாய்?" என்றவர், மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "அறுபத்துநாலு இலட்சம்! மண்தட்டு உடைக்கவோ? அட கடவுளே, நான் மாசம் ரண்டு பீங்கான் உடைச்சாலே முதலாளி சம்பளத்திலை வெட்டுறான். இந்த மனுசன் காசு குடுத்து உடைக்குதே!"

"ஒன்பதாவதைப் பாருங்கோ அண்ணை."

அவர் பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை, விரல் வைத்து வாசித்தார்.

"இதைத் தானே எழுதினவரோ? தன்ரை கையாலை?"

"ஓம். நான் பக்கத்திலை நிண்டனான்."

"பிள்ளை, உனக்கு விளங்குதோ? திகதி கிடக்கு, கையெழுத்துக் கிடக்கு. நாளைக்கே தொழிற்சங்கத்துக்குக் கொண்டுபோவம். ஆளைக் கூப்பிட்டு, பதினாலு மாசப் பாக்கியையும் தண்டத்தையும் கட்டு எண்டு சொல்லுவினம். மனுசன் துப்பாக்கியை வித்துத்தான் கட்டவேணும்."

"கூப்பிட எவ்வளவு நாள் செல்லும்?"

இராசரத்தினம் தாடையைச் சொறிந்தார். "ஒரு மாசம். ரண்டும் ஆகலாம்."

"இண்டைக்குப் பதினெட்டு, அண்ணை. முப்பத்தொண்டோடை எல்லாம் முடியுது. வழக்குப் போட்டால் வேலையும் போகும். வேலை போனால் ஆர் எனக்குக் கடிதம் தருவினம்?"

"அப்ப சும்மா கொண்டுபோய்க் காட்டிப் பயப்படுத்து."

"அவர் என்ரை நெஞ்சுக்கு நேரை சுட்டாலும் எனக்குப் பயம் வராது. ஆனால் அவருக்குப் பயம் வந்தால் கதவைப் பூட்டிப்போடுவார்."

"கதைக்கிற கதையைப் பார்! வேறை என்னதான் செய்யப்போறாய்?"

அவள் படிவத்தின் முதற்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்: ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து மார்ச் 31ஆம் திகதி வரை. சங்கத்தின் ஆண்டும் அரசாங்கத்தின் தவணையும் ஒரே நாளில் முடிந்தன. பின்பு இராசரத்தினத்தின் பேனாவை வாங்கி, மேசையிற் கிடந்த பழைய கடித உறையின் முதுகில் ஒரு கூட்டல் போட்டாள்.

"நாளைக்கு வாறன் அண்ணை. காப்புறுதிக் கட்டண ரசீதுப் படிவம் ஒண்டு தாங்கோ. வெறுமையானது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கோப்பியை வைத்த பின்னர், அவள் பிரதியையும் வெற்று ரசீதுப் படிவத்தையும் தொத்தோரேக்கு முன்னால் பக்கம் பக்கமாக வைத்தாள்.

அவருக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. "யார் உன்னை இன்னொன்று எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை, தொத்தோரே. என் காசில் எடுத்தேன்."

"என்னை மிரட்டுகிறாயா? என் வீட்டில், என் மேசையில்?"

"இல்லை. கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது."

அவள் கடித உறையைத் திருப்பி வைத்தாள். எழுபத்தாறு இலட்சம், அதன்கீழ்ப் பதினொரு இலட்சத்து எண்பதாயிரம், கோட்டின்கீழ் எண்பத்தேழு இலட்சத்து எண்பதாயிரம். தொத்தோரே அந்தக் கடைசித் தொகையை நெடுநேரம் பார்த்தார். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் கைகளை முன்றானைத் துணியில் துடைத்தாள். அவை ஈரமாக இருக்கவில்லை.

"இது விளையாட்டுச் செலவில் சேருமா?" என்று கடைசியில் கேட்டார். குரலில் கோபம் இருக்கவில்லை. மருந்துச்சீட்டிலுள்ள அளவைச் சரிபார்ப்பவருடைய குரலாக இருந்தது.

"நீங்கள்தானே என்னை அதில் எழுதினீர்கள். ஆளுக்குரிய ஊதியம் சேருமென்றால் ஆளுக்குரிய கட்டணமும் சேரும்."

"அவ்வொக்காத்தோவிடம் இப்படி ஆள் இல்லை."

"அவருடைய பையை அவரே தூக்குகிறார்."

தொத்தோரேயின் மீசையோரம் அசைந்தது. ஆனால் உடனே கண்ணைச் சுருக்கினார். "ஏப்ரலில் கட்டினால்?"

"அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். ரசீதின் முத்திரையில் மார்ச் என்றிருக்க வேண்டும்."

அவர் எழுந்து சாளரத்தருகே போய் நின்றார். ஒரு வருடமும் இரண்டு மாதமும் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியதோ, கொழும்பு விடுதி அறையில் ஒரு பிள்ளை இருப்பதோ அவரை அசைக்காதென்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஜனவரியிலேயே சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆகையால் அவற்றை மறுபடி சொல்லாமல் காத்திருந்தாள். வெல்கிறோம் என்ற எண்ணமோ தோற்கிறோம் என்ற எண்ணமோ அவளிடம் எழவில்லை. மேசைவிரிப்பின் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்ததைக் கவனித்து, நூல் வாங்கவேண்டுமென்று நினைத்துக்கொண்டாள்.

"முழுத்தொகையையும் நான் தாங்க மாட்டேன்" என்றார் தொத்தோரே, திரும்பாமலே. "பாதி உன்னுடையது. படிவத்தில் மாத்திரம் முழுவதும் என் பெயரில் இருக்கும்."

"சரி."

"ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வரவேண்டும்."

"வருகிறேன்."

"அப்படியானால், எழுது" என்று பேனாவை நீட்டியவர், நினைத்துக்கொண்டு பின்னிழுத்தார். "இல்லை. உன் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல். நானே எழுதுகிறேன்."

அவள் கடவுச்சீட்டில் உள்ளபடி சொன்னாள். அவர் இரண்டு இடத்தில் பிழைவிட்டு, இரண்டையும் வெட்டித் திருத்தினார்.

இறுதியில் முடிவானது இதுதான். மார்ச் 27ஆம் திகதி, புதன்கிழமை, தொத்தோரே மங்கூசோ தபாற்கந்தோரில் பதினொரு இலட்சத்து எண்பதாயிரம் லீராவைக் கட்டி, குகனேஸ்வரி தம்மிடம் வேலைசெய்கிறாள் என்ற கடிதத்திலும் கையொப்பமிட்டார். அந்தக் கட்டணத்தில் அவளுடைய பங்கான ஐந்து இலட்சத்துத் தொண்ணூறாயிரம், மாதம் ஐம்பத்தொன்பதாயிரமாகப் பத்து மாதங்களில் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். 28ஆம் திகதி, வியாழக்கிழமை, அவள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்து, முத்திரை குத்திய துண்டொன்றைப் பெற்றாள். அதைப் பிஸ்கற் தகரத்தில் வைத்தாள். 31ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தேழு இலட்சத்து எண்பதாயிரம் லீரா என்று திருத்தப்பட்ட படிவம் சங்கத்தில் ஒப்படைக்கப்பட்டது. அன்றும் தோட்டாப் பையை அவளே சுமந்தாள்.