காற்றடித்தாலும்

பதினெட்டு நாளாகப் பேச்சுவார்த்தையில் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பிரிவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஜலசந்தி ஒப்பந்தம் எழுதிய காலத்தில் கப்பல்கள் சின்னவை. அதனால் கப்பலுக்கு வழிகாட்டி ஓட்டிச்செல்லும் உள்ளூர் பைலட்டை ஏற்றிக்கொள்வது கப்பல்காரன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள், புண்ணியவான்கள். இப்போது வருகிற எண்ணெய்க் கப்பலில் ஒன்று வளைவில் திரும்பத் தெரியாமல் கரையில் மோதினால் எங்கள் ஊரே மிஞ்சாது. பைலட்டைக் கட்டாயமாக்கச் சொன்னோம். இதை நச்சரித்து என் மண்டையில் ஏற்றியவர் என் அண்ணன். இருபத்தாறு வருடமாக அங்கே பைலட்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவே மாட்டார். அன்று காலை சிரித்தார்.

“கட்டாயமாக்கிக்கலாம். ஆனா காத்தோ மழையோ, உங்க பைலட் வரலைன்னு எங்க கப்பல் ஒரு மணி நேரம்கூட நிக்காது. அதையும் எழுதிக்கணும்.”

எங்கள் குழுத் தலைவர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். ஒத்துக்கொள் என்று அர்த்தம். பைலட் படகில் போய், கயிற்று ஏணியைப் பிடித்துத்தான் கப்பலில் ஏற வேண்டும். காற்று பலமாக இருந்தால் இதுவரை யாரும் ஏறியதில்லை. தலைவருக்கென்ன, ஏறப்போவது அவரா?

பத்து நிமிடம் கேட்டு வாங்கி, வராந்தாவில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“காத்தடிச்சாலும் ஏறணுமாம்ண்ணே. முடியாதுன்னு சொல்லிடறேன்.”

“எண்ணெய்க் கப்பல் எல்லாத்துக்கும் பைலட் உண்டுல்ல?”

“உண்டு.”

“அப்புறம் என்ன? ஒத்துக்கிட்டு வா.”

“உனக்கு ஐம்பத்தேழு வயசு.”

“அத அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காத.”

ஆத்திரமாக வந்தது. எங்கள் வீட்டில் இவரிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. உள்ளே போய், எங்களுக்குச் சம்மதம் என்றேன். கைதட்டினார்கள். தலைவருக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பயத்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோய் மறுபடியும் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்.

“அண்ணன் எங்க அண்ணி?”

“கப்பலுக்குப் போயிருக்காரு. இங்க காத்து பிச்சிக்கிட்டு அடிக்குது.”

“ஒப்பந்தம் அமலுக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். இன்னிக்கு ஏற வேண்டியதே இல்லையே.”

“நானும் அதத்தான் சொன்னேன். என் தங்கச்சி என்னை நம்பி ஒத்துக்கிட்டு வந்திருக்கா, இப்பவே ஏறிப் பழகிக்கிறேன்னு கிளம்பிட்டாரு.”