திரும்பி வராத துப்பாக்கிகள்

டெட்ராய்ட்டில் கார் கம்பெனித் தலைவராக இருந்தபோது ஹார்லன் ப்ரூவிட் ஒரு விதி வைத்திருந்தார். பழுதான பாகம் படிவத்தோடு தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தால்தான் அது புகார். வெறும் கடிதமெல்லாம் குப்பைக்கூடைக்கு. கம்பெனி கொழித்தது. அந்தத் திறமையைப் பார்த்துத்தான் வியட்நாம் போரின் நடுவே அவரை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டுப் பாதுகாப்பு அமைச்சராக்கினார்கள். விதியும் கூடவே வந்தது. பத்தொன்பது வருடமாக அவருக்குத் தட்டச்சு செய்த வில்மா ஹூக்ஸ்ட்ராவும் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வில்மா வியட்நாமில் சிப்பாயாக இருக்கும் தன் மகன் டேலின் கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தாள். புதிதாகக் கொடுத்த துப்பாக்கி நாலு தடவை சுட்டால் ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது, வெள்ளிக்கிழமை மறுபடி காட்டுக்குள் போகிறோம் என்று எழுதியிருந்தான்.

"பழைய துப்பாக்கியையே கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுங்க சார்."

"ஆயிரத்துக்கு ரெண்டுதான் வில்மா பழுது. நம்ம கார் கதவே இதைவிட மோசம்."

"யார் எண்ணினது?"

"படிவம் வருதே."

"துப்பாக்கி அடைச்சுச் செத்தவன் எந்தக் கையால சார் படிவம் எழுதுவான்?"

ப்ரூவிட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "டேல் துப்பாக்கியை அனுப்பட்டும். சோதிச்சுப் பார்க்கறோம்."

"அனுப்பிட்டு? கல்லெடுத்து எறியறதா?"

"நீ பெத்தவ, பேசற. புள்ளிவிவரத்தைப் பெத்தவ யாரும் கிடையாது."

வில்மாவுக்கு டெட்ராய்ட் நாட்கள் ஞாபகம் வந்தன. பிரேக் பிடிக்கவில்லை, என் புருஷன் போய்விட்டான் என்று ஓஹையோவிலிருந்து ஒருத்தி மூன்று முறை எழுதினாள். விதிப்படி மூன்றையும் குப்பையில் போட்டது வில்மாவின் இதே கைதான்.

அவள் தானாகவே உத்தரவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினாள். "கையெழுத்து போடுங்க."

"டைப் அடிக்கிறதோட நிறுத்திக்கோ." தாளைத் தள்ளிவிட்டு டையைச் சரிசெய்தார். "மணி பத்தாச்சு. கதவைத் திற."

பக்கத்து அறையில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். வாராவாரம் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பது அவள் வேலை. இன்று திறந்தாள், ஒதுங்கவில்லை. நேரே மைக் முன்னால் போய் நின்றாள்.

"அமைச்சர் ஆயிரத்துக்கு ரெண்டுன்னு சொல்வாரு. அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க."

"வில்மா! வெளியே போ!"

"போறேன். படிச்சிட்டுப் போறேன்."

மகனின் கடிதத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். ஐம்பது பேனாக்கள் எழுதத் தொடங்கின.