விளம்பரத்தோடு போன நாற்பது விநாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது மணிக்கு என் தங்கை சத்தியப்பிரியா டிவியில் வரப்போகிறாள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது மகனா மகளா என்று இரண்டு பக்கமாக உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி. ஒரு மாதத்துக்கு முன் மதுரையில் எடுத்தார்கள். அதை நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாக வேண்டும். எங்கள் அமராவதிபுதூரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம்.

கம்ப்யூட்டருக்குள் டிவி கார்டை நானே வாங்கிச் சொருகியிருந்தேன். கேபிள் ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒன்று கூடத்து டிவிக்கு, ஒன்று உள் அறைக் கம்ப்யூட்டருக்கு. டிவிடி தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரம் இரண்டரை ஜிபியைத் தின்றுவிடும். முதல் நாளே பழைய படங்களை அழித்து இடம் பண்ணி வைத்திருந்தேன். நான் அறைக்கும் கூடத்துக்கும் குட்டி போட்ட பூனையாக அலைவதைப் பார்த்து சத்தியா சிரித்தாள். நாற்பது பேர் பேசினார்கள், தன்னை வெட்டியிருப்பார்கள் என்றாள்.

வெட்டவில்லை. பாதி நிகழ்ச்சியில் மைக் அவள் கைக்கு வந்தது.

"என்னையக் கட்டிக்கிறவங்க எங்கப்பாவையும் கூட வச்சுப் பாத்துக்கணும். எங்கண்ணன் மருந்து வாங்கித் தரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும். நல்ல அண்ணன்தான். ஆனா இந்த ரெண்டு வருசத்துல அப்பாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுனதில்ல. அதுகிட்ட நான் எப்படி விட்டுட்டுப் போக முடியும்?"

டிவி கார்டில் சத்தம் அரை விநாடி பிந்தி வரும். கூடத்திலிருந்து ஒரு தரமும் என் முன்னால் ஒரு தரமுமாக அதை இரண்டு தரம் கேட்டேன். அப்புறம் கூட்டம் கைதட்டியது, அதுவும் இரண்டு தரம்.

சத்தியா அறை வாசலில் வந்து நின்று, கோபமா என்று கேட்டாள். இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதிவு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் வலித்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இடது பக்கம் கை கால் இரண்டும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தோப்பின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்ட குரல் அவருக்கு. அந்த வாயிலிருந்து ரசம் வழிவதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். அவருக்கு இட்லி ஊட்டும் நேரம் வருவதற்குள் எட்டு மணிக்கே நான் வண்டியை எடுத்துவிடுவேன்.

மறுநாள் கல்லலிலிருந்து சோணையம்மாள் போன் செய்தார். சத்தியாவுக்கு மலேசியாவில், ஈப்போவில் ஒரு வரன் பார்த்திருந்தோம். முத்தரசு என்று பெயர். சோணையம்மாள் அவருக்கு அத்தை. ஜாதகம் பொருந்திவிட்டது, பையன் வீட்டாரின் பதிலுக்குத்தான் காத்திருந்தோம். பெண் டிவியில் பேசியதை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமாம். தன் மகளின் கணவர் வியாழக்கிழமை திருச்சியில் மலேசியாவுக்கு விமானம் ஏறுகிறார், சிடி போட்டுக் கொடுத்தால் கையில் கொடுத்தனுப்பலாம் என்றார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து விளம்பரங்களை வெட்டினேன். சோப்பு, பற்பசை, நகைக்கடை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தவன், சத்தியாவின் பேச்சில் வந்து நின்றேன். மாமனாரையும் சுமக்க வேண்டும் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வருவான்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னவர்கள் நம் ஆட்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே, கொஞ்சம் உண்மையைத்தானே எடுக்கிறேன். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நாற்பது விநாடியை விளம்பரத்தோடு விளம்பரமாக எடுத்துவிட்டேன். அவள் வணக்கம் சொல்கிறாள், உடனே கூட்டம் கைதட்டுகிறது. டிவிடி நன்றாகப் பதிந்தது. மூலப் பதிவை அழித்துவிட்டேன். இடம் வேண்டும் என்பது ஒரு சாக்கு.

வியாழக்கிழமை டிவிடி போய்விட்டது. அதன் பிறகு கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் ஈப்போ என்று நினைத்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு டிஷ் ரீசார்ஜை வேறு நம்பருக்குப் போட்டு ஏச்சு வாங்கினேன். சத்தியா ஒன்றும் கேட்கவில்லை. அவள் நிம்மதியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். கூடத்தில் சத்தியா அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தது, மலேசிய நம்பர். ஈப்போ என்றதும் சத்தியா ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா நாச்சியார்.

"தம்பி, அந்த நிகழ்ச்சியை நான் அன்னைக்கே இங்க பாத்துட்டேன். அப்பாவைப் பத்தி புள்ள சொன்னதைக் கேட்டுத்தான் இவதான் மருமகள்னு முடிவே பண்ணுனேன். அந்த நேரம் முத்தரசு டூட்டிக்குப் போயிட்டான். அவனும் கேக்கட்டும்னுதான் சிடி கேட்டோம். போட்டுப் பாத்தா கைதட்டுத்தான் இருக்கு, பேச்சைக் காணோம். நான் கனவு கண்டேன்ங்குறான் இவன். ஒருவேளை புள்ள சொன்னதை மாத்திக்கிருச்சா? முழுசா ஒண்ணு அனுப்புவீகளா?"

எங்கள் சேனல் எங்கள் ஊரோடு முடிகிறது என்று நான் நினைத்திருக்கிறேன். தினம் பத்துப் பேருக்கு டிஷ் ரீசார்ஜ் செய்து கொடுப்பவன் நான், சாட்டிலைட் சேனல் மலேசியாவிலும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, கடல் தாண்டி வேறு அனுப்பியிருக்கிறேன்.

பதியும்போது கரண்ட் போய்விட்டது என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சத்தியாவின் கை அப்பாவின் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"நீ வெட்டிட்டியாண்ணே?"

ஆமாம் என்றேன். போனுக்கும் அதையே சொன்னேன். மூலப் பதிவும் இல்லை, அழித்துவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், முத்தரசுதான், அப்படியானால் உங்கள் தங்கை என்னதான் சொன்னார்கள் என்று கேட்டார். நான் போனைச் சத்தியாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் ஊரே கேக்குற மாதிரி சொல்லிட்டேன். வெட்டுனவன் நீ. நீயே சொல்லு."

சொன்னேன். வெட்டுவதற்காக ஓட்டி ஓட்டி எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அப்பாவையும் கூட வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வரை சுலபமாக வந்தது. அண்ணன் என்ற இடத்தில் நிறுத்தினேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இருமிவிட்டு மீதியையும் சொன்னேன், அவள் சொன்ன அதே வார்த்தைகளில், நல்ல அண்ணன் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

"அம்மா சொன்னது சரிதான்" என்றார் முத்தரசு. "மாமாவை இங்குட்டுக் கூட்டிட்டு வாறதுக்கு என்ன வழின்னு நாளைக்கே விசாரிக்கிறேன்."

சத்தியா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உயிர் வந்தது. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் மறுபடியும் பேசினார்.

"ஒண்ணு கேக்கலாமா? ரெண்டு வருசத்துல ஒரு வாய்கூடவா ஊட்டல?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றேன். "ஒரு வாய்கூட இல்லை."