அத்தானின் சட்டை

என் அக்கா கணவர் ஆஸ்துமா ஆராய்ச்சியாளர். எலிகளுக்கு ஆஸ்துமாவை வரவழைத்து, அவற்றின் நோயெதிர்ப்பு அணுக்கள் மூச்சுக்குழாயை ஏன் வீங்க வைக்கின்றன என்று பார்ப்பது அவர் பிழைப்பு. பார்க்கட்டும். ஆனால் சாப்பிடும்போதுகூட அந்த அணுக்களைப் பற்றிக் கூடப்பிறந்த தம்பிகளைப் போல உருகி உருகிப் பேசுவார். அக்கா தலையாட்டிக்கொண்டே பரிமாறுவாள்.

மகளுக்கு இழுப்பு வந்தது. மேதைக்குக் காரணம் உடனே பிடிபட்டுவிட்டது: பூனை. பூனையை யாருக்கோ கொடுத்தார்கள். இழுப்பு நிற்கவில்லை. அப்புறம் திரைச்சீலை, பஞ்சுப் பொம்மை, அக்கா ஆசையாக வாங்கிய கம்பளம். வீட்டில் எறிய வேறொன்றும் மிஞ்சாததால், குழந்தையையே மலைமேல் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பத் தீர்மானித்தார்.

அவர் கருத்தரங்குக்கு வெளியூர் போயிருந்தபோது குழந்தை இழுப்பே இல்லாமல் மாடிப்படியில் குதித்து விளையாடியதை நான் பார்த்தேன். ஊர் திரும்பியவர், மறுநாள் ஆய்வகத்துக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் இழுப்பு. சட்டையில் எலிக்கூண்டு வாடை குப்பென்று அடித்தது. குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அங்கே விதி. இவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

"எலிதான் அத்தான் காரணம்."

"வருஷக்கணக்கா எலியோடதான் இருக்கேன். எனக்கு ஏதாவது வந்துச்சா? உனக்கு இதோட மெக்கானிசம் புரியாது."

நான் அலர்ஜி டாக்டர். எனக்குப் புரியாதாம்! பற்றிக்கொண்டு வந்தது.

விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மூவரையும் என் கிளினிக்குக்கு வரவழைத்தேன். குழந்தையின் கையில் வரிசையாக அலர்ஜி சோதனைச் சொட்டுகளை விட்டு, ஒவ்வொன்றின் மேலும் லேசாக ஒரு குத்து. பூனை, தூசி, பூஞ்சை, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எலிச் சொட்டு விட்ட இடம் மட்டும் கொசு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

"பிரமாதம்! நம்ம வீட்டுலயே ஒரு கேஸ்! கொஞ்சம் ரத்தமும் எடுத்துடு, கட்டுரைக்கு ஆகும்."

குழந்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்போ பூனை ஒண்ணும் பண்ணலையா சித்தி?"

"இல்லடா கண்ணு."

வீட்டுக்குப் போனதும் அக்கா விடுதிக்காகக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். மகளின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பிறகு அத்தானின் சட்டைகளை அதே பெட்டியில் திணிக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"லேபுக்கே போயிடுங்க," என்றாள் அக்கா. "உங்க சொந்தபந்தமெல்லாம் அங்கதானே இருக்கு."