தலையில் ஆறு மணி

ஆறு மணி என் தலையில் இருந்தது. மூட்டையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் நேரம் அப்படித்தான் வரும்.

மூட்டைக்குள் இருப்பது வெறும் எண். எப்போதோ ஒரு ஜனவரி முதல் தேதியிலிருந்து நொடிகளை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் பிறந்திருக்கவில்லை. இருந்தாலும் அதிலிருந்து வந்த அத்தனையையும் நான்தான் சுமக்கிறேன். நின்றால் கனம் கூடும். நடந்தாலும் கூடும்.

அதை எழுத்தாக்கும் ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். எழுத்தாகிவிட்டால் ஒரு சின்னச் சீட்டு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எழுத்தாகாத வரைக்கும் மூட்டை இறங்காது. பொழுதும் அடையாது. ஆனால் நாளைய மூட்டை மட்டும் சரியாக வந்துவிடும். அதையும் அதே தலையில் ஏற்றுவார்கள். போன மாதம் ஒருவர் இரண்டு நாளைச் சேர்த்துச் சுமந்தார். கழுத்து உள்ளே போய்விட்டது. இப்போது தோளிலிருந்துதான் பேசுகிறார். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது.

ஆபீஸ் நடையில் எனக்கு முன்னால் கொம்பையா நின்றார். என்னோடு ஒரே கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர். அவர் தலையில் இருந்தது பிப்ரவரி இருபத்தொன்பது.

"இன்னுமா வே எறக்கல?" என்றேன்.

"நாலு வருசத்துக்கு ஒருக்கதான் கூப்பிடுவாவளாம்."

"வீட்ல என்ன சொல்லுதாவ?"

"வாசல ஒசத்திக் கட்டிட்டாவ. மூட்டையோட உள்ள போவ வர சௌரியமா இருக்கு. நீரு முந்திப் போவும். உம்மது இன்னைக்கு உள்ளதுதான."

ஜன்னலுக்குப் பின்னால் ஜெபராணி கம்ப்யூட்டர் முன் நின்றுகொண்டிருந்தாள். நேரத்தை எழுத்தாக்குகிறவள் அவள்தான். அவளுக்கு நாற்காலி கிடையாது. ஆறு மணி ஆனதும் தருவார்களாம்.

"என்ன அச்சுல வேணும், அண்ணாச்சி?"

"எந்த அச்சா இருந்தாலும் சரிம்மா. கழுத்து வலிக்கி."

"அப்படிச் சொல்லப்படாது. மெஷினுக்கு அச்சு காட்டணும். கெழம முன்னாலயா, தேதி முன்னாலயா? மாசத்துக்கு எண்ணா, பேரா?"

"ஆளுவ சொல்லுத மாதிரி."

"ஆளுவளுக்கு இதுல எடம் இல்ல."

அவளே ஓர் அச்சைப் போட்டாள். சீட்டு வந்தது. அதில் மத்தியானம் பன்னிரண்டரை என்று இருந்தது.

உடனே வெயில் உச்சிக்கு ஏறியது. கையில் தூக்குவாளி கனத்தது. திறந்து பார்த்தேன். மத்தியானம் தின்ற சோறும் சாளைக் குழம்பும் திரும்ப இருந்தன.

"மெஷினு அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சிட்டு," என்றாள் ஜெபராணி. "சீமையில என்ன மணியோ அதுதான் இதுக்குத் தெரியும். நம்ம ஊருக்குன்னா கூட்டிச் சொல்லணும். மறந்துட்டேன்."

"இப்ப என்ன செய்ய?"

"சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். மூட்டையோடுதான்.

"ஊசிட்டா?" என்று கொம்பையா கேட்டார்.

ஊசவில்லை. முதல் தடவையைவிட உப்பு சரியாக இருந்தது.

ஜெபராணி கூட்டிச் சொன்னாள். வெயில் சாய்ந்தது. ஆனால் இரண்டாவது சீட்டில் நிமிடத்தின் இடத்தில் மாதம் ஏறிவிட்டது. ஐப்பசி மாதம். நடைக்குள் மழை பிடித்துக்கொண்டது.

"எம்மா, சாக்கு நனையுது!" என்று கொம்பையா கத்தினார். "நனைஞ்ச பிப்ரவரிய எவன் வாங்குவான்?"

என் மூட்டையும் நனைந்தது. காய்ந்த நொடியைவிட நனைந்த நொடிக்குக் கனம் அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் விழுந்தால் ஆறு மணி சிதறிவிடும். பொறுக்கிச் சேர்க்க ஆள் கிடையாது.

"எம்மா, இனி முடியாது," என்றேன்.

"எனக்கும் முடியல, அண்ணாச்சி. காலு ரெண்டும் வீங்கிட்டு. ஆறு மணி ஆனாத்தான் நாற்காலி."

"ஆறு மணி இந்தா இருக்கே."

"தெரியுது. எண்ணாவுல்லா இருக்கு. எழுத்தா ஆவலியே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தோம். அவள் எட்டிப் பார்த்தாள். நான் கண்ணை மேலே தூக்கிப் பார்த்தேன்.

பிறகு அவள் மேசை டிராயரைத் திறந்து சின்னதாக இரண்டு ஜோடி கொக்கிகளை எடுத்து வைத்தாள். தலைப்பிரட்டை போல இருந்தன.

"மேற்கோள் குறி," என்றாள். "இதுக்கு உள்ள இருக்கத மெஷின் தொடாது. உள்ளபடியே அடிச்சு விட்டுரும். பெரிய சாருக்குப் பிடிக்காது. ஆனா செய்யலாம்."

"உள்ள என்ன வைக்க?"

"ஒண்ணும் வைக்காம விட்டுராதீங்க. ஒருத்தரு அப்படி விட்டுட்டாரு. அவருக்கு அந்த நாளே கெடையாது. ஒங்க கொட்டகையில இந்த நேரத்த என்னன்னு சொல்லுவீய?"

எங்கள் கொட்டகையில் ஆறு மணி என்று யாரும் சொல்வதில்லை. கடைசி மூட்டை இறங்கியதும் தலையில் சும்மாடு கட்டிய துண்டை அவிழ்த்துப் படீரென்று உதறுவோம். தூசி பறக்கும். அதுதான் நேரம். லாரிக்காரர்கள்கூட "துண்டு ஒதறயில வாரோம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சொன்னேன்.

"அதையே எழுதுங்க," என்று கீபோர்டை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் எழுதினேன். நான் எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகு. ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுக்க வேண்டும். தேடிய நேரமெல்லாம் மூட்டையில் போய்ச் சேர்ந்தது.

"என்ன வே, நெலத்துக்குப் பத்திரமா எழுதுதீரு? வெரசா!" என்றார் கொம்பையா.

எழுதி முடித்தேன். துண்டு உதறுகிற நேரம். இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டினாள். மெஷின் வாசித்துப் பார்த்தது. தொடவில்லை. அப்படியே அடித்தது.

துண்டு உதறுகிற நேரத்தில் துண்டு மூட்டைக்கு அடியில் இருக்க முடியாது. ஆகவே மூட்டை இல்லை. நான் துண்டை அவிழ்த்து உதறினேன். தூசி பறந்தது. மழை நின்றது. வெளியே பொழுது அடைந்தது. கழுத்து மெல்ல மேலே வந்தது. இடப்பக்கம் திருப்பினேன். திரும்பியது. வலப்பக்கமும் திரும்பியது.

ஒரு ஆள் வந்து ஜெபராணிக்கு நாற்காலி கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்து கொம்பையா முன் போட்டாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். ஒங்களுக்கு இன்னும் நாளு கெடக்கு. இருங்க."

கொம்பையா பிப்ரவரியோடு உட்கார்ந்தார். "அப்பாடா," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெபராணியும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டினாள்.

"சீட்டுல எத்தன மணின்னு போடலியே, அண்ணாச்சி."

"போடல."

"அப்ப பஸ்ஸு போயிட்டா, இனிமத்தான் வரணுமா?"

"தெரியலியே."

"எனக்கும் தெரியல," என்று சிரித்தாள்.

பஸ் வந்து நின்றது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏறுதீயளா, இல்லியா?"

"இரும் வே," என்றேன். "இப்பதான உக்காந்திருக்கோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.