பின்னால் வந்த வண்டி

அந்த வீடியோவில் கேட்கும் சிரிப்பு மார்லினுடையது. எங்கள் ஊரில் யாருக்கும் அதில் சந்தேகமில்லை. முதலில் மூக்கிலிருந்து குறட்டை மாதிரி ஒன்று, அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கூவல். வெள்ளிக்கிழமைதோறும் பிங்கோ ஹாலில் நாங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த சிரிப்பு அது. படம் பிடித்ததும் அவள்தான். வண்டியை ஓட்டியது அவள் கணவன் லார்ன்.

பிப்ரவரி மாதக் காலை, இரண்டாம் தெரு. முன்னால் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் போகிறது. நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓட்டுகிற மின்சார ஸ்கூட்டர். நீளமான கம்பியில் ஆரஞ்சுக் கொடி. ஊதா கோட்டுக்குள் புதைந்து உட்கார்ந்திருப்பவள் தெல்மா. கூடையில் இரண்டு மளிகைப் பைகள். லார்ன் தன் பிக்கப் லாரியை அவள் முதுகை ஒட்டிக் கொண்டுபோய், பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிறவனைப் போல ஆரம்பிக்கிறான்: "நம்ம தெல்மா முன்னணியில இருக்காங்க! யாரும் முந்தாதீங்க, மானம் போயிரும்!" சொல்லிவிட்டு ஹாரனை ஓங்கி அடிக்கிறான். தெல்மாவின் தோள் இரண்டும் காது வரைக்கும் தூக்கிப் போடுகிறது. கொடி வெடவெடக்கிறது. அந்த இடத்தில்தான் மார்லின் சிரிக்கிறாள். அதோடு படம் முடிந்துவிடுகிறது.

லார்ன் அதை ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டான். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. நானும் பார்த்தேன், சிரிக்கும் முகம் ஒன்றை நானும்தான் போட்டேன். சாலையில் நடக்கிறவர்கள் வண்டிகளுக்கு எதிர்முகமாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் பேசினார் ஒருவர். கிழவிக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது என்று கேட்டார் இன்னொருவர். மறுநாள் மார்லின் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்க வந்தவர்கள், ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவள் கல்லாவுக்கு முன்னால் நின்று, "யாரும் முந்தாதீங்க!" என்று சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை அவள் பக்கம் சாய்ந்துவிடும், அதனால் சொல்கிறேன்.

பெருமையைக் கெடுத்தது பக்கத்துக் கல்லாவில் நிற்கும் டோரீன்.

"தெல்மா இந்த வாரம் பிங்கோவுக்கு வரமாட்டாளாம், தெரியுமா?"

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. கால்கரியில இருக்கானே அவ பையன் டெரிக், அவன் வீடியோவப் பார்த்துட்டான். நேத்தே ஃப்ளைட் ஏறி வந்து இறங்கிட்டான். ஸ்கூட்டர் சாவியப் புடுங்கி சட்டைப்பையில போட்டுக்கிட்டானாம். வீட்ட வித்துட்டு அங்க ஏதோ ஹோம்ல சேர்க்கப் போறானாம்."

தெல்மாதான் எங்கள் பிங்கோவுக்கு எண் படிப்பவள்; அவள் படிக்கிற எண்களை அட்டையில் அடித்துக்கொண்டே வந்து, முதலில் வரிசை நிறைந்தவர் பிங்கோ என்று கத்துவார். கரகரத்த, அவசரமே இல்லாத குரல். இரட்டை அர்த்தம் தொனிக்கும் சில எண்களுக்கு ஹாலே ஊளையிடும். அது அடங்கும்வரை கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கணவன் போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். கடை, மருந்துக்கடை, நூலகம், பிங்கோ, எல்லாம் அந்தச் சிவப்பு ஸ்கூட்டர்தான். சாவி போனால் எல்லாம் போச்சு.

இடைவேளையில் மார்லின் பின்னறையில் உட்கார்ந்து வீடியோவை மறுபடி பார்த்தாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டாள். சிரிப்பு இல்லாமல் பார்த்தபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. வலது ஓரத்தில், நடைபாதையை அடைத்துக்கொண்டு இடுப்பளவுக்கு ஒரு பனிக்குவியல். அதுவரைக்கும் நடைபாதை மேலேயே ஸ்கூட்டர் சக்கரத்தின் தடம் வருகிறது. குவியலுக்கு முன்னால் தடம் குழம்பி, முன்னும் பின்னும் போய், திரும்பி, பக்கத்துக் கடையின் சரிவு வழியாகச் சாலைக்கு இறங்குகிறது. தெல்மா எத்தனை தடவை முட்டிப் பார்த்தாளோ.

அது யாருடைய குவியல் என்று மார்லின் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லார்ன் குளிர்காலத்தில் பிக்கப்புக்கு முன்னால் இரும்புத் தகடு மாட்டிக்கொண்டு வீட்டு வாசல்களையும் கடை வாசல்களையும் பனி தள்ளிச் சுத்தம் செய்து கொடுப்பவன். அன்று காலை பல் டாக்டரின் கார் நிறுத்தத்தை அவன் வழித்தபோது அவளும் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். "தள்ள இடமே இல்ல, இத அந்தக் கோடிக்குக் கொண்டுபோயிரட்டுமா?" என்று அவன் கேட்டான். "நடைபாதையிலயே விடு, எனக்கு நேரமாச்சு" என்று சொன்னது அவள். அதற்கப்புறம் காபி வாங்க நேரம் இருந்தது. காபியை வாங்கிக்கொண்டு அதே தெரு வழியாகத் திரும்பும்போதுதான் முன்னால் தெல்மா போய்க்கொண்டிருந்தாள்.

வேலை முடியும்வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "யாரும் முந்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பையனிடம் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்து அனுப்பினாள்.

சாப்பாட்டு மேசையில் லார்னிடம் சொன்னாள். அவன் வீடியோவைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் தட்டில் இங்கும் அங்கும் தள்ளினான்.

"எல்லாரும் அப்படித்தான் தள்றாங்க" என்றான்.

"எல்லாரும் ஹாரன் அடிச்சு வீடியோ போடல."

"எடுத்தது நீ."

"ஆமா, நான்தான். சிரிச்சதும் நான்தான். இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லு."

அவன் வீடியோவை அழித்தான். பிறகு வெகுநேரம் போனில் எதையோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தான். குழுவில் எதுவும் வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். குவியல் அதற்குள் சிமெண்டாய் இறுகியிருந்தது. பல் டாக்டர் வாசலில் அவன் தனியாக இடித்துக்கொண்டிருந்ததை அந்த வழியாகப் போனவர்கள் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் டாக்டர் சொன்னார் என்று சொன்னானாம்.

மறுநாள் மார்லின் எலுமிச்சை கேக் ஒன்றைச் செய்து, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தெல்மாவின் வீட்டுக்குப் போனாள். படிகளுக்குப் பதிலாகப் போட்டிருந்த மரச்சரிவில் ஏறும்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது. டெரிக் கதவைத் திறந்தான். முகம் சவரம் செய்யாமல், தூங்காமல், பயந்துபோன பிள்ளையின் முகமாக இருந்தது. அவன் இவளை அறிந்திருக்கவில்லை. உள்ளே கதவோரம் ஸ்கூட்டர் நின்றது. தெல்மா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். மார்லினைப் பார்த்து, "வாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

"அம்மாவோட ஃப்ரெண்டா? நல்லதாப் போச்சு, நீங்களாவது சொல்லுங்க" என்றான் டெரிக். போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அவன் அதைச் சேமித்து வைத்திருந்தான். "உங்க அம்மாவா இருந்தா இப்படி லாரிக்கு முன்னாடி விடுவீங்களா?"

லார்னின் குரல் வந்தது. ஹாரன் வந்தது. பிறகு அந்தச் சமையலறை முழுக்க அவள் சிரிப்பு வந்தது. சின்ன அறை அது. சிரிப்பு பாத்திரங்களில் பட்டுத் திரும்பியது. மார்லினுக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒருத்தி சிரிக்கிறா கேட்டீங்களா? வயசான மனுஷி பயந்து நடுங்குறா, அதுக்குச் சிரிக்கிறா. இவளெல்லாம் என்ன ஜென்மம்?"

"டெரிக், அந்தக் கேக்க வெட்டு. வந்தவங்கள நிக்க வச்சுக் கத்தாத" என்றாள் தெல்மா. சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் மார்லினைப் பார்த்தாள். யாராவது பிங்கோ என்று கத்தியதும், அட்டையைச் சரிபார்க்கும் முன் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை. காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

"அது நான்தான்" என்றாள் மார்லின். "சிரிச்சது நான். ஓட்டுனது என் புருஷன். அந்தப் பனியும் நாங்க தள்ளினதுதான். நான்தான் அங்க தள்ளச் சொன்னேன். அவங்களுக்குப் போக வழி இல்ல, அதான் ரோட்டுக்கு இறங்கினாங்க."

டெரிக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவளைப் பார்க்காமல் தாயைப் பார்த்தான். "ஏன் ரோட்ல போனேன்னு ரெண்டு நாளா கேக்குறேன். வழி இல்லன்னு மட்டும் சொன்ன. இவங்கதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அவன் வண்டி அங்கிருந்து போனதப் பார்த்தேனே."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"சொல்லி? நம்ம வாசல்ல பனி விழுந்தா தள்ளுறது யாரு? லார்ன்தான். அவனப் பகைச்சுக்கிட்டு இந்தச் சரிவுல நான் எப்படி இறங்குறது?" குரலில் கோபம்கூட இல்லை. எண் படிக்கிற குரல்.

மார்லின் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வரும் வழியில் வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவற்றில் ஒன்றையும் வெளியே எடுக்க முடியவில்லை.

"இன்னைக்கு இவங்க. நாளைக்கு வேற எவனோ" என்றான் டெரிக். "உன்ன இங்க விட்டுட்டு நான் எப்படி அங்க தூங்குறது?"

தெல்மா மேசையை விரலால் தட்டினாள். "நாளைக்குப் பிங்கோ இருக்கு. நான் போவேன். நீ ஹால் வாசல்ல நின்னு பாரு. நான் ஒழுங்கா வந்து சேர்ந்தா சாவி என்னுது, நீ ஊரப் பார்த்துக் கிளம்பு. பயந்து பாதியில திரும்பினேன்னா வீட்ட வித்துக்கோ."

"நாங்க வண்டியில கூட்டிட்டுப் போறோம்" என்றாள் மார்லின், அவசரமாக.

"உங்க உயரமான வண்டியில ஏற முடிஞ்சா எனக்கு இந்த ஸ்கூட்டர் எதுக்கும்மா?" என்றாள் தெல்மா.

அன்றிரவு மறுபடி பனி கொட்டியது. லார்ன் விடியும் முன் எழுந்து தெல்மாவின் சரிவையும், அவள் வீட்டிலிருந்து ஹால் வரைக்குமான நடைபாதையையும் துண்டு துண்டாக வழித்து வைத்தான். மத்தியானம் நகராட்சியின் பெரிய வண்டி வந்து சாலையைச் சுத்தம் செய்தது. சாலையில் கிடந்தது அத்தனையையும் நடைபாதை மேல் நீளமாகக் கொட்டிவிட்டுப் போனது.

டெரிக் சாவியைக் கொடுத்துவிட்டு முன்னாலேயே ஹாலுக்குப் போயிருந்தான். தெல்மா கிளம்பியபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. சரிவில் இறங்கினாள், பனிக்கரையைப் பார்த்தாள், சாலைக்கு வந்தாள். தெருமுனையில் லார்னின் பிக்கப் காத்திருந்தது. அவன் கூரைமேல் இருக்கும் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு, நல்ல இடைவெளி விட்டு அவள் பின்னால் மெதுவாக வந்தான். மார்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கார்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

பல் டாக்டர் வாசலைத் தாண்டும்போது வரிசையில் யாரோ பொறுமை இழந்து ஹாரன் அடித்தார்கள். முன்னால் அந்த ஊதாத் தோள்கள் காது வரைக்கும் தூக்கிப் போட்டன. ஸ்கூட்டர் நின்றேவிட்டது. லார்னும் நின்றான். தூரத்தில் ஹால் வாசல் விளக்கின் கீழே கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு டெரிக் நிற்பது தெரிந்தது.

தெல்மா திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளிக் கையுறை போட்ட இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முன்னால் போ என்பதுபோல் வீசினாள். எதிரே சாலை காலியாகத்தான் இருந்தது. லார்ன் நகரவில்லை. அவள் மறுபடி வீசினாள், இந்தமுறை வெடுக்கென்று.

"போகச் சொல்றா" என்றான் லார்ன். "போகவா?"

மார்லின் கண்ணாடியில் பின்னால் நிற்கும் கார்களைப் பார்த்தாள். இவர்கள் போனால் தெல்மாவுக்குப் பின்னால் அந்த ஹாரன்காரன் வருவான். நின்றால், அவள் முதுகுக்குப் பின்னால் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று அந்த முதுகில் விழுந்துகொண்டிருந்தது. தெல்மாவின் கை இன்னும் கீழே இறங்கவில்லை.